இரண்டு தரம் வந்த ஆடி அமாவாசை

உ

சிவகாசி,
ஆவணி 4, புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய அத்தான் திரு. செல்லப்பாண்டி அவர்களுக்கு மைத்துனன் நல்லசிவம் கைகூப்பி எழுதுவது. இவ்விடம் நானும் என் வீட்டுக்காரி தங்கத்தாயும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். மனசுக்குத்தான் குறைவு, அதைப் பின்னால் எழுதுகிறேன். அவ்விடம் தங்கள் சர்க்கரையும் அக்கா சொர்ணலட்சுமியின் முழங்காலும் சொன்ன பேச்சுக் கேட்டுக் கட்டுக்குள் இருக்க இருக்கன்குடி மாரியம்மன் துணை செய்வாளாக.

தாங்கள் செயலாளராக இருக்கும் அச்சக மேலாளர்கள் மன்றத்தில் வருகிற ஆவணி 15 ஞாயிற்றுக்கிழமை எனக்கு 'நிர்வாகச் செம்மல்' என்று பட்டமும் ஒரு கேடயமும் கொடுக்கப்போவதாகவும், அன்று மேடையில் வாசிக்கும் பாராட்டு மடலைப் பார்த்துச் சரி சொல்லும்படியும் அனுப்பியிருந்த தபால் கிடைத்தது. மடலை நான்கு முறை படித்தேன். முதல் முறை நெஞ்சு நிமிர்ந்தது, இரண்டாம் முறை கண் கலங்கியது, மூன்றாம் முறை வியர்த்தது, நான்காம் முறை எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். 'முப்பத்தாறு ஆண்டுகளில் இவரிடம் வேலை பார்த்த ஒரு தொழிலாளிகூட இவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை' என்று ஒரு வரி இருக்கிறதே, அது தங்கள் கைவண்ணமாகத்தான் இருக்கும். அத்தான், அந்த வரியில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அதனால்தான் என்னால் அந்த மேடையில் உட்கார முடியாது என்கிறேன். தயவுசெய்து என் பெயரை எடுத்துவிடுங்கள். போனில் சொன்னால் 'சும்மா கெட மாப்ள' என்று வைத்துவிடுவீர்கள். நேரில் வந்தால் அக்கா முன்னால் சொல்ல வெட்கமாக இருக்கும். ஆகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்து படிக்கவும்.

நான் இந்தக் காலண்டர் அச்சகத்துக்கு ஈய அச்செழுத்துக் கோக்க வந்தபோது வெள்ளைத்துரை என்று ஒரு மேனேஜர் இருந்தார். அவர் கையில் எப்போதும் ஒன்றரை அடி மர ஸ்கேல் இருக்கும். தப்பாகக் கோத்தால் விரல் முட்டியில் விழும். சரியாகக் கோத்தாலும், அடுத்த தப்புக்கு என்று அட்வான்ஸாக ஒன்று விழும். அவரைப் பார்த்தாலே எங்களுக்கு ஒன்றுக்கு வந்துவிடும், அதற்குப் போகவும் அவரிடம்தான் கேட்க வேண்டும். அப்போதே நான் மனசுக்குள் ஒரு சபதம் எடுத்தேன். 'நான் மேனேஜரானால் இப்படி இருக்க மாட்டேன்' என்றுதான் எடுத்திருப்பேன் என்று தாங்கள் நினைப்பீர்கள். இல்லை அத்தான். 'நான் மேனேஜரானால் எனக்கும் ஒரு ஸ்கேல் வேண்டும்' என்றுதான் எடுத்தேன். அவர் வேலையை விட்டுப் போன அன்று மாலையும் துண்டுமாக நின்றவரிடம் அதே ஸ்கேலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அதைக் கொண்டு நான் எந்த ஆளையும் தொட்டதில்லை. காலம் மாறிவிட்டது, தொட்டால் போலீஸ். மேஜையில்தான் அடிப்பேன். ஆனால் நான் அடிக்கிற அடியில் நாலு மேஜை தள்ளி நிற்கிறவர்களும் கையை இழுத்துக்கொள்வார்கள். அதனால் பைண்டிங் செக்‌ஷனில் எனக்கு 'எமகண்டம்' என்று பெயர். தினசரித் தாளின் அடியில் ராகு காலத்துக்குப் பக்கத்தில் போடுகிறோமே, அதே எமகண்டம்தான். நான் படியேறும் சத்தம் கேட்டதும் 'ஏலே, எமகண்டம் ஆரம்பிச்சிருச்சு' என்பார்களாம். இது என் காதுக்கு வந்தபோது நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். வீட்டில் தங்கத்தாயிடம் பெருமையாகச் சொன்னேன் என்பதை இங்கே ஒளிக்காமல் எழுதிவைக்கிறேன்.

போன வருஷம் சித்திரையில் ராஜபாண்டியன் முதலாளி தன் மகள் கீர்த்திகாவிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். சின்ன முதலாளிக்கு வயது முப்பது. வந்த முதல் நாளே 'நல்லசிவம் சார், உக்காருங்க' என்றார். முதலாளி முன்னால் முப்பத்தைந்து வருஷம் நின்றே பேசிப் பழகியவன் நான். உட்கார்ந்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. அப்புறம் தாள் அடுக்கும் பெண்களுக்கு முதுகு சாய்கிற நாற்காலி வந்தது. வேலை நடக்கும்போது பேசலாம் என்று உத்தரவு வந்தது. தொழிலாளிகளை 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தனியாக ஓர் உத்தரவும் வந்தது. கடைசியில் 'குறைகளை எழுதிப் போடவும்' என்று ஒரு பெட்டி வந்தது. அதை எங்கே மாட்டலாம் என்று சின்ன முதலாளி கேட்க, என் மேஜைக்கு நேர் எதிரில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று நான்தான் யோசனை சொன்னேன். ஒரு வருஷத்தில் அந்தப் பெட்டிக்குள் விழுந்தது ஒரு பல்லி மட்டும்தான். 'பாத்தீங்களாம்மா, நம்ம ஆளுகளுக்கு ஒரு குறையும் கிடையாது' என்றேன். அவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். ஏன் அப்படிப் பார்த்தார் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆடி 10 சனிக்கிழமை காலையில் ஒரு போன். பரமக்குடிப் பக்கத்து ஜவுளிக்கடைக்காரர், வருஷா வருஷம் நம்மிடம் நாலாயிரம் தினசரிக் காலண்டர் எடுக்கிறவர். எடுத்த எடுப்பில் 'அண்ணாச்சி, எங்க ஊர் வெள்ளிக்கிழமைய எங்க கொண்டுபோய் வச்சிருக்கீக' என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு மெதுவாக விவரம் வந்தது. வியாழக்கிழமை ஆடி அமாவாசை. அவருடைய அம்மா விரதமிருந்து, வாழைக்காய் பொரித்து, படையல் போட்டுக் காக்காய்க்கும் வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை விடியக்காலையில் தாளைக் கிழித்தால் மறுபடியும் 24, வியாழன், ஆடி அமாவாசை. செல்போனில் தேதி இல்லையா என்று கேட்காதீர்கள். அந்த அம்மாவுக்குச் செல்போன் சொல்வது ஒரு நம்பர், காலண்டர் சொல்வதுதான் நாள். நேற்று வைத்த படையலில் என்னவோ குறை, அதுதான் பெரியவர்கள் மறுபடியும் வந்து நிற்கிறார்கள் என்று முடிவு செய்து, இன்னொரு தரம் விரதம், இன்னொரு தரம் வாழைக்காய். காக்காய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். சனிக்கிழமை தாளைக் கிழித்தால் 26. இரண்டாம் ஆடி வெள்ளிக்கு மாவிளக்கு எடுப்பதாக நேர்ந்திருந்த கிழவி, 'என் வெள்ளிக்கிழமை போச்சே' என்று சாப்பிடாமல் படுத்துவிட்டாராம். அந்த ஊரில் அமாவாசைக்குக் கடை திறக்காத டீக்கடைக்காரர் ஒருவர் இரண்டு நாளும் சேர்த்து அடைத்துவிட்டதாகவும் சொன்னார்.

நான் ஸ்டாக் ரூமுக்கு ஓடி மிச்சமிருந்த ஒரு கட்டைப் பிரித்தேன். அப்படியேதான் இருந்தது. 24-க்கு அடியில் 24. தினமும் தாளின் கீழே ஒரு பொன்மொழி போடுவோம், அதைத் தேர்ந்தெடுப்பது என் இலாகா, வேறு யாரையும் அதில் கைவைக்க விடுவதில்லை. அன்றைய பொன்மொழி, 'ஒரே தவற்றை இரண்டு முறை செய்யாதே.' அதுவும் இரண்டு முறை இருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் முதலில் தேடியது தப்பை அல்ல, ஆளை. கட்டுக்குள் மேஜை எண் சீட்டு இருக்கும். ஏழாம் எண். ஏழாம் மேஜை சின்னத்தாய். விஸ்வநத்தத்தில் இருந்து வேனில் வருகிறவள், பதினான்கு வருஷமாகத் தாள் அடுக்குகிறாள். (வருகிறவர், அடுக்குகிறார். சின்ன முதலாளியின் உத்தரவு கடிதத்துக்கும் செல்லும் என்று வைத்துக்கொள்கிறேன். பழக்கம் வரவில்லை, எங்காவது வழுக்கினால் தாங்கள் திருத்திப் படிக்கவும்.) இருபத்திரண்டு பேர் பார்க்க நான் ஏழாம் மேஜைக்குப் போய், 'ஏ சின்னத்தாயி, ஒரே நாள ரெண்டு தடவ அடுக்கி வச்சிருக்கியே, கண்ண எங்கன வச்சிட்டு வந்த' என்றேன்.

'அய்யா, அது நான் அப்பவே ஒங்ககிட்ட...'

ஸ்கேலால் மேஜையில் ஒன்று போட்டேன். 'நாளைல இருந்து வேலைக்கு வராத' என்றேன்.

அவர் கையில் இருந்த தாளைத் தட்டி ஓரம் சேர்த்து வைத்துவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனார். தாங்கள் மடலில் எழுதியிருப்பது போல, ஒரு தொழிலாளிகூட எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

திங்கட்கிழமை சின்ன முதலாளி எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்தார். எனக்கும் ஒரு நாற்காலி, அதே வட்டத்தில். 'யாரையும் திட்டுறதுக்காகக் கேக்கல. ஆடி அமாவாசை ரெண்டு தடவ வர்றது முன்னாலயே யாருக்கெல்லாம் தெரியும், கை தூக்குங்க' என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. யாருக்குத் தெரியப்போகிறது என்று கால்மேல் கால் போட்டேன். ஸ்டேப்ளர் பின் அடிக்கிற ஊர்க்காவலனின் கை மெதுவாக உயர்ந்தது. பக்கத்தில் ஒரு கை. அப்புறம் இரண்டு. அப்புறம் எண்ண முடியவில்லை. பைண்டிங் செக்‌ஷன் முழுக்கக் கை. கட்டிங் மிஷின்காரர் கை. வாட்ச்மேன் வாசலில் நின்றபடியே ஒரு கை. டீ கொண்டுவந்தவர் தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் தூக்கினார். வேன் டிரைவரும் தூக்கினார், அவர் எங்கள் கம்பெனி ஆளே இல்லை. அந்தக் கட்டடத்தில் தெரியாமல் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் வந்து ஒன்றேகால் வருஷமான சின்ன முதலாளி. இன்னொருவர் நிர்வாகச் செம்மல்.

'ஏன் யாருமே சொல்லல' என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஊர்க்காவலன்தான், என்னைப் பார்க்காமல், 'சின்னத்தாயக்கா போன ஐப்பசியிலயே சொல்லப் போனாகம்மா. ரெண்டு தடவ போனாக' என்றான்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது அத்தான். வராமலே இருந்திருக்கலாம். தீபாவளிக்கு முந்தின வாரம், லோடு ஏறவில்லை என்று போனில் கத்திக்கொண்டிருந்தேன். சின்னத்தாய் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். 'அய்யா, ஒரு சங்கதி. தாளு அடுக்கும்போது படிச்சுக்கிட்டே வந்தேன், ஆடி மாசத்துல...' என்று ஆரம்பித்தார். 'ஒன் வேல அடுக்குறதா, படிக்கிறதா' என்றேன். போய்விட்டார். மறுநாள் இரண்டு தாளையும் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்தார். எட்டாவது வரை படித்தவர், கண்ணால் கண்டதைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார். நான் தாளைப் பார்க்கவில்லை. 'சீசன் நேரத்துல எடத்த விட்டு எந்திரிச்சு வந்தீன்னா அப்படியே வேன்ல ஏத்தி அனுப்பிருவேன்' என்றேன். அதற்குப் பிறகு இருபத்திரண்டு பேரும், தப்பு என்று தெரிந்தே, பதினோராயிரம் காலண்டரை ஒழுங்காக அடுக்கி, ஒழுங்காகப் பின் அடித்து, ஒழுங்காக அட்டையில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். எமகண்டத்தில் யார் வாயைத் திறப்பார்கள்.

அதோடும் முடியவில்லை. ஒரு கட்டில் மட்டும் இப்படி என்றால் அடுக்கினவர் தப்பு, எல்லாக் கட்டிலும் இப்படி என்றால் அச்சிலேயே தப்பு என்று சின்ன முதலாளி பைலை எடுத்தார். கம்ப்யூட்டரில் 24-ஐ நகல் எடுத்து 25-ஆக மாற்ற மறந்திருக்கிறார்கள். அந்த ப்ரூப் தாளின் மூலையில் 'சரி பார்த்தேன்' என்று எழுதி ஒரு கையெழுத்து. பச்சை மை. எங்கள் அச்சகத்தில் பச்சை மையில் கையெழுத்துப் போட ஒருவருக்குத்தான் அதிகாரம், அந்த அதிகாரமும் நானே எடுத்துக்கொண்டது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். சனிக்கிழமை வரை அது பொன்குடமாக இருந்தது. என் கையெழுத்தைப் பார்த்ததும், 'மனுஷன் கண்ணுதானே, சறுக்கத்தான் செய்யும்' என்று சொல்ல என் வாய் தானாகத் திறந்தது. இருபத்திரண்டு பேர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

வெள்ளைத்துரை மேனேஜராக இருந்தால் அந்தப் பைலை என் மூஞ்சியில் எறிந்திருப்பார். நானும் வாங்கிக்கொண்டு, ஒரு டீ குடித்து, மறந்திருப்பேன். சின்ன முதலாளி குரலே உயர்த்தவில்லை. 'சார், தண்ணி குடிங்க' என்றார். இந்தக் காலத்து முதலாளிகளிடம் இதுதான் கஷ்டம் அத்தான், திட்டினால் திட்டோடு போய்விடும், இவர்கள் தண்ணீரைக் கொடுத்துவிட்டு நம்மை நம்மிடமே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். போகும்போது ஒன்றுதான் சொன்னார். 'ஏழாம் மேஜை காலியாவே இருக்கும் சார். நீங்கதான் போய் அவங்களக் கூட்டிட்டு வரணும்.'

அன்று மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். அடுப்படிச் சுவரில் நம்முடைய அதே காலண்டர். தங்கத்தாய் கிழித்த தாள்களை எறிய மாட்டாள், பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதக் கம்பியில் குத்தி வைத்திருப்பாள். தேடிப் பார்த்தேன். இரண்டாவது 24-இல், 4-ஐ 5-ஆகத் திருத்தி, வியாழனை அடித்து 'வெள்ளி' என்று, அமாவாசையை அடித்து 'மாவிளக்கு' என்று பால்பாயிண்ட் பேனாவில் அழகாக எழுதியிருந்தது. 'இது எப்ப எழுதுன' என்றேன். 'காலண்டரு மாட்டுன அன்னைக்கு. ஆடி அமாவாசை என்னைக்கு வருதுன்னு பாத்தேன்' என்றாள். 'எங்கிட்ட ஏன் சொல்லல' என்றேன். 'நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தீக' என்றாள். 'ஏழு மாசமாவா சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்' என்றேன். அவள் ரசத்தை ஊற்றினாள். அத்தான், பைண்டிங் செக்‌ஷன் வீடு வரைக்கும் வந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ரசம் எப்படி இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் சாத்தூர் காராச்சேவு ஒரு கிலோ வாங்கிக்கொண்டு விஸ்வநத்தம் போனேன். வீட்டில் சின்னத்தாயின் மகள் மாரிசெல்வி மட்டும் இருந்தாள், காலேஜில் படிக்கிற பிள்ளை. 'அம்மா பயராபீஸுக்குப் போயிருக்காக' என்றாள். பட்டாசுக் கம்பெனியை நம் பக்கம் அப்படித்தான் சொல்வது தங்களுக்குத் தெரியும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு யூனிட்டாம், தீபாவளி சீசன், காலை வேனில் ஏற்றிக்கொண்டு போகிறார்களாம். 'எங்க சித்திக்கு வெரலு போனதுல இருந்து, செத்தாலும் இனி மருந்து வேலைக்குப் போகமாட்டேன்னு அம்மா சொல்லிக்கிட்டு இருந்தாக. அதுக்குத்தான் ஒங்க பிரஸ்ஸுக்கு வந்ததே' என்றது அந்தப் பிள்ளை. கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னது. பதினான்கு வருஷமாக அந்த அம்மாள் என் ஸ்கேல் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டது என் நிர்வாகத் திறமையால் அல்ல, வெடிச் சத்தத்துக்கு அது தேவலை என்பதால்தான். இது எனக்கு அங்கே, அந்தப் பிள்ளை போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் வேன் வந்தது. பட்டாசுச் சரம் பின்னிய சின்னத்தாயின் கையில் மருந்துப்பொடி சாம்பல் நிறத்தில் அப்பியிருந்தது. என்னைக் கண்டதும் தன் வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். மன்னித்துக்கொள் என்று சொல்ல வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். வாயைத் திறந்தேன். சுவரில் காலண்டர் மாட்டியிருந்தது கண்ணில் பட்டது. 'ஆணி கோணலா அடிச்சிருக்கு' என்றேன். ஆண்டவன் சாட்சியாக அதுதான் வந்தது. அவர் அவசரமாகப் போய், ஒரு கல்லை எடுத்து, அந்த ஆணியை நேராகத் தட்டிவிட்டு வந்து மறுபடி கைகட்டி நின்றார். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்திருக்கலாம், இழுக்கவில்லை.

ஒருவழியாக 'வேலைக்கு வா... ங்க' என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, 'வாரேன்யா. ஒண்ணே ஒண்ணு. புதுக் காலண்டரு ப்ரூப்பு வந்தா நான் ஒரு தடவ படிச்சிட்டுக் குடுக்கேன். அதுக்கப்புறம் நீங்க கையெழுத்துப் போடுங்க' என்றார். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். தாள் அடுக்குகிறவர் பார்த்த பிறகு மேனேஜர் கையெழுத்தா என்று எனக்குள்ளே இருந்த வெள்ளைத்துரை எழுந்து நின்றார். 'யோசிச்சுச் சொல்றேன்' என்று வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பார்த்தேன், காராச்சேவையும் கையோடு திருப்பிக் கொண்டுவந்திருந்தேன்.

பத்து நாளுக்கு மேல் யோசித்தேன். நடுவில் ஆடிப்பெருக்கு வந்தது. வழக்கம்போல பூஜை போட்டு, அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டோம், தேங்காயை நான்தான் உடைத்தேன், ஏழாம் மேஜை காலியாக இருந்தது. அந்த நாட்களில் எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன். ஒருநாள் மத்தியானம் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பெரிய சத்தம் கேட்டதாகப் பஜாரில் பேசிக்கொண்டார்கள். யாரைக் கேட்டாலும் யூனிட் பெயர் தெரியவில்லை. மாரிசெல்வியின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளக்கூட அன்றைக்கு எனக்குத் தோன்றியிருக்கவில்லை. ஊர்க்காவலனிடம் போய், 'ஏலே... தம்பி, அந்தம்மா நம்பர் இருக்கா' என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே போன் போட்டான். மூன்று முறை மணி போய் எடுக்கவில்லை. நான்காம் முறை எடுத்தார். கல்குவாரியில் வைத்த வெடியாம், அவர் இருக்கும் யூனிட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். நான் கழிப்பறைக்குள் போய் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். முப்பத்தாறு வருஷத்தில் அந்த அறைக்குள் அழுத ஆட்கள் எத்தனை பேரோ, மேனேஜர் நான் ஒருவன்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதுக் காலண்டரின் ப்ரூப் கட்டோடு மறுபடி விஸ்வநத்தம் போனேன், இந்த முறை காராச்சேவை முதலில் கொடுத்துவிட்டேன். நான் ஏற்கெனவே மூன்று முறை பார்த்துத் தப்பே இல்லை என்று முடிவு செய்திருந்த கட்டு அது. சின்னத்தாய் தரையில் விரித்து, கையை நன்றாகக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். மகள் பென்சிலோடு பக்கத்தில். பத்தே நிமிஷம். 'அய்யா, இங்கன பாருங்க, செவ்வாக்கெழமைக்கு ராகு காலம் ஏழரை ஒம்போதுன்னு போட்டிருக்கு. அது திங்களுக்கு. செவ்வாக்கு மூணு நாலரைல்ல' என்றார். 'அது எனக்குத் தெரியும்' என்பது நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கினேன். 'ஆமா' என்றேன். ஒரு தொழிலாளியிடம் நான் சொன்ன முதல் ஆமாம் அதுதான் என்று நினைக்கிறேன். அது வந்ததும் அடுத்ததும் வந்தது. 'அன்னைக்குத் தப்பு என்னோடதுதான். ஒங்கள நிப்பாட்டுனது அநியாயம்' என்றேன். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துத்தான் சொன்னேன். இருந்தாலும் சொல்லிவிட்டேன். முந்தாநாள் திங்கட்கிழமையில் இருந்து ஏழாம் மேஜையில் அவர் இருக்கிறார். ஸ்கேல் இப்போது அங்கேதான் இருக்கிறது, மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்க.

இதையெல்லாம் எதற்கு எழுதினேன் என்றால், அத்தான், எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத தொழிலாளிகள் என்று தாங்கள் மேடையில் வாசிக்கும்போது என் காதில் எடுக்காமல் போன அந்த மூன்று போன் மணிச் சத்தம்தான் கேட்கும். கேடயத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நான் திருந்திவிட்டேன் என்பதே எனக்குப் போதுமான கேடயம். இப்போதெல்லாம் யார் என்ன தப்புச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்கிறேன், சின்னவர் பெரியவர் பார்ப்பதில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், சூடு பண்ணித் தேய்க்கச் சொல்லவும். பிள்ளைகள் எல்லோருக்கும் என் ஆசி. எல்லாரும் நல்ல நாளும் நல்ல நேரமும் கூடி, ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு முறை மட்டும் வந்து, நலமாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
நல்லசிவம்.

பி.கு.: ஒட்டின உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். கடிதத்தைத் தங்கத்தாயிடம் கொடுத்து, படித்துவிட்டு ஒட்டச் சொன்னேன். படித்துவிட்டு, 'இந்த மூணாம் பக்கத்துல பாருங்க, நீங்க...' என்று ஆரம்பித்தாள். நான் தைல பாட்டிலுக்குப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன். நிமிராமலே, 'அம்புட்டையும் பாத்துத்தான் எழுதிருக்கேன், ஒட்டுன்னா ஒட்டு' என்றேன். ஒட்டிவிட்டாள். அரை மணி நேரம் கழித்துத்தான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அடுப்படிக்குப் போய், 'மூணாம் பக்கத்துல என்ன தப்பு, சொல்லு, கேட்டுக்கிடுதேன்' என்றேன். 'ஒண்ணுமில்லீக. நல்லாத்தான் எழுதியிருக்கீக' என்றாள். மூன்று முறை கேட்டேன். மூன்றாம் முறை குரல் உயர்ந்துவிட்டது. மூன்றாம் பக்கத்தை ஏழு தடவை படித்துவிட்டேன், என் கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனால் ஒரு தப்பு இருக்கிறது. இதை அக்காவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அக்கா கண்டுபிடித்துவிடுவாள். தங்களிடம் சொல்வாளா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.